ரசிகருக்கு ஒரு ஸ்கோர் கொப்பி: மலையகத்தில் உடற்பயிற்சி தொடங்குவோருக்கு

முத்தையா முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று கண்டியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 800 என்று சொல்லும். இன்னும் கொஞ்சம் ஊறிய ரசிகர் என்றால் 133 போட்டிகளில் என்பார். 1992இல் தொடங்கி 2010இல் காலி மைதானத்தில் முடித்தார் என்பார். ஒருநாள், இருபது ஓவர் எல்லாம் கூட்டினால் 1,347 என்று முடிப்பார். சினிமா ரசிகருக்கு எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பது மனப்பாடம். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிற தம்பிமாருக்கு எந்த எபிசோடில் எந்த வீரன் எந்த நிலைக்கு மாறினான் என்பது தூக்கத்திலும் தெரியும். கேம் ஆடுகிறவர்கள் அடுத்த லெவலுக்கு இன்னும் எத்தனை பொயின்ட் வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள்.

அதே ஆளிடம், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) மேல் ரோட்டுக்கு நிற்காமல் ஏற உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, மூன்று மாதத்துக்கு முன் எத்தனை ஆனது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. நானும் அப்படித்தான் இருந்தேன். பிறருடைய உயர்வை இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைக்கத் தெரிந்த நமக்கு நம்முடைய உயர்வைக் குறித்துவைக்கத் தோன்றவில்லை. ரசிகரிடம் இருக்கும் அந்தக் கணக்குப் பழக்கம் உடற்பயிற்சிக்கு மிகவும் தேவையான ஒன்று. பலரிடம் இல்லாதது. அதை வைத்து எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் படிப்படியான சுமையேற்றம் என்று பெயர்.

சுமை ஏற வேண்டும், மெல்ல ஏற வேண்டும்

உடல் சிக்கனமானது. தேவைப்படாத தசையை அது வளர்க்காது. நேற்றுச் செய்த வேலையை விடச் சற்றே கடினமான வேலை இன்று வந்தால், அது களைக்கும். பின்னர் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சரிசெய்யும்போது முன்பிருந்ததை விடக் கொஞ்சம் பலமாகக் கட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே வேலை இலேசாகத் தெரியும். அப்போது வேலையைச் சற்றுக் கூட்ட வேண்டும். கூட்டாமல் அப்படியே விட்டால் உடலும் அங்கேயே நின்றுவிடும். ஒரேயடியாகக் கூட்டினால் மூட்டோ தசைநாரோ பழுதாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான பாதைதான் பயிற்சி.

டிராகன் பால் என்ற அனிமே பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதன் நாயகன் கோக்கு பாரமான உடைகளை அணிந்து பயிற்சி செய்வான். பூமியை விடப் 10 மடங்கு ஈர்ப்பு உள்ள ஒரு சிறு கோளில் நடக்கவே சிரமப்பட்டுப் பழகுவான். பிறகு விண்கலத்தில் ஈர்ப்பைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் 100 மடங்கைத் தொடுவான். எண்கள் கற்பனை, முறை உண்மையானது. பழகிய பிறகு கூட்டுவது, கூட்டிய பிறகு மீண்டும் பழகுவது என்ற அந்த ஒழுங்கில் உடலியலோடு முரண்படுவது எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அனிமேயில் இருக்கிறது. ஒன் பஞ்ச் மேன் கதாநாயகன் சைதாமாவின் பயிற்சி உலகப் புகழ்பெற்றது: தினமும் 100 தண்டால், 100 முறை படுத்து எழுந்திருத்தல், 100 முறை உட்கார்ந்து எழுந்திருத்தல், 10 கிலோமீற்றர் ஓட்டம். ஓய்வு நாள் இல்லை, எண்ணிலும் மாற்றமில்லை. கதையிலேயே அது நகைச்சுவையாகத்தான் வருகிறது. அதைக் கேட்ட சீடன் இதுவெல்லாம் சாதாரணப் பயிற்சி என்று கோபப்படுவான். ஆனால் அதை உண்மையாகவே செய்து பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் நாளே அது மலையைப் புரட்டுகிற வேலை. தாங்கிப் பழகிவிட்டவருக்கோ சில மாதங்களில் அது உடலைப் பேணுமே தவிர வளர்க்காது. இரண்டு பக்கமும் நட்டம்.

இந்தக் கருத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தோமஸ் டிலோம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், காயம்பட்ட படைவீரர்களின் கால்களுக்கு எடை கட்டி, வாராவாரம் எடையைக் கூட்டி, அவர்களை எழுந்து நடக்கவைத்தார். அதுவரை இலேசான அசைவுகளை நூற்றுக்கணக்கில் செய்யச் சொல்வதுதான் வழக்கம். அவர் இந்த வழிக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. பதின்ம வயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பையன் அவர். பலசாலிகளின் படங்கள் வரும் பளுதூக்கும் சஞ்சிகைகளைப் படுக்கையிலேயே படித்துக் கிடந்தார். எழுந்ததும் அவர்களைப் போல எடை தூக்கத் தொடங்கினார். நோயாளிகளுக்குக் கொடுத்த சிகிச்சை அந்த ரசிகன் தன் உடம்பில் கற்றுக்கொண்டதுதான்.

மலையில் பிறந்தவருக்கு எதற்கு உடற்பயிற்சி?

இந்தக் கேள்வியை நம் பக்கத்தில் கேட்காத வீடில்லை. நான் முதன்முதலாக அதிகாலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது அம்மா கேட்டார்: “நாள் முழுவதும் ஏறி இறங்குகிறோம். இதில் தனியாக வேறு ஏற வேண்டுமா மகள்?”

அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, 18 கிலோ என்றிருந்த காலத்தில் அதற்கு மேலும் எடுத்துப் பெயர் வாங்கியவர். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு நெடுநாள் ஆனது.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு. மலைச்சரிவில் கூடையோடு நிற்பது கடுமையான உழைப்பு. ஆனால் சுமை எவ்வளவு, எத்தனை மணி நேரம், எப்போது ஓய்வு என்பதையெல்லாம் உடல் தீர்மானிப்பதில்லை, வேலை தீர்மானிக்கிறது. வருடக்கணக்கில் ஒரே அசைவு, ஒரே பக்கம் இழுக்கும் பாரம். களைத்த மறுநாளும் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போயாக வேண்டும். பழுதைச் சரிசெய்ய உடலுக்கு அவகாசமும் இல்லை, போதிய சத்தும் இல்லை. அதனால்தான் அவ்வளவு பாடுபட்ட தலைமுறை ஐம்பது வயதில் முழங்காலையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்கிறது. பயிற்சி என்றால் சுமையை நாம் அளந்து வைக்கிறோம், ஓய்வையும் நாமே வைக்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அம்மா பறித்த ஒவ்வொரு கிலோவும் எழுதப்பட்டது. தராசில் தொங்கவிட்டு, தட்டு எடையைக் கழித்து, கணக்கப்பிள்ளை குறித்துக்கொண்டார். இந்த மலைகளில் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் உழைப்பு எழுதப்பட்டுத்தான் வருகிறது, வேறொருவருடைய புத்தகத்தில். எங்கள் உடல் எங்களுக்காக எவ்வளவு முன்னேறியது என்று எழுதிய கொப்பி ஒன்றுகூட எங்கள் வீட்டில் இருந்ததில்லை. நான் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கியது அதற்காகத்தான்.

அடுத்த தலைமுறைக்கு நிலைமை வேறு. கடையில் நிற்கிறோம், கணினி முன் உட்கார்கிறோம், ஆட்டோவில் ஏறி இறங்குகிறோம். மலையில் வாழ்கிறோம், மலை ஏறுவதில்லை. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் இயக்கம் வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும். மிதமானது என்பதை அறிய எளிய வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சமதரையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி எடுத்துவைத்தால் அந்த வேகம் வரும். பிடித்த பாட்டுகளில் அந்தத் தாளத்துக்கு அமைந்தவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டால் கடிகாரமே தேவையில்லை.

கொப்பியில் எதை எழுதுவது

என் கொப்பியின் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

“செவ்வாய். காலை 5.50. பனி. கோயில் படி 4 சுற்று, எங்கும் நிற்கவில்லை, 19 நிமிடம். மேசைத் தண்டால் 9, 8, 6. தோப்புக்கரணம் 15, 15, 12. கடுமை 6. இரவு ஆறு மணி நேரம்தான் தூக்கம்.”

இவ்வளவுதான். எழுத ஒரு நிமிடம் ஆகும். இதில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று பார்ப்போம்.

கோயில் படி என்பது எங்கள் லயத்துக்கு மேலே இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு ஏறும் 118 படிகள். உங்களுக்கு அது பாடசாலைப் படியாக இருக்கலாம், தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையாக இருக்கலாம். எதுவானாலும் ஒரே இடமாக இருக்க வேண்டும். இடம் மாறினால் ஒப்பிட முடியாது. நாளுக்குப் பத்தாயிரம் அடி எடுத்துவைக்க வேண்டும் என்ற எண்ணைப் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஆய்வுகூடத்தில் பிறந்த எண் கிடையாது. மேலும் கைப்பேசி அடிகளை எண்ணுமே தவிர, அந்த அடி மேட்டில் வைத்ததா தரையில் வைத்ததா என்று பெரும்பாலும் பிரித்தறியாது. பதுளைப் பக்கத்துச் செங்குத்துப் பாதையில் 2,000 அடி, கொழும்பு நடைபாதையில் 5,000 அடியை விட இதயத்துக்கு அதிக வேலை கொடுக்கலாம். ஆகையால் மலையில் இருப்பவர்களுக்கு அடிகளை விடப் படிகளும் நிமிடங்களும்தான் நம்பகமான கணக்கு.

தண்டாலும் தோப்புக்கரணமும் பலத்துக்கு. இடையில் ஓய்வெடுத்து மூன்று தவணையாகச் செய்கிறேன், ஒவ்வொரு தவணைக்கும் ஓர் எண். தோப்புக்கரணம் பிள்ளையார் முன்னால் எல்லோரும் போட்டுப் பழகியதுதான். காதைப் பிடிக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகால் தரையைவிட்டு எழாமல் செய்தால் அதுவே நல்ல தொடைப் பயிற்சி. தண்டாலைத் தரையில் தொடங்க வேண்டாம். முதலில் சுவரில் கை ஊன்றிச் செய்யுங்கள். மூன்று தவணையிலும் 12 வந்துவிட்டால் மேசை விளிம்புக்கு மாறுங்கள். அங்கே எண்ணிக்கை 7, 8 என்று விழும். விழட்டும். அங்கும் 12 வந்ததும் வாசற்படிக்கு, அதன் பிறகு தரைக்கு. கை ஊன்றும் இடம் தாழத் தாழச் சுமை கூடுகிறது. ஒரு ரூபாய் செலவில்லை. கேமில் ஒவ்வொரு புதிய கட்டத்திலும் முதலில் தோற்று, பழகி, பிறகு கடப்பது போலத்தான் இதுவும். எண் விழுந்தால் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்து மனம் உடைபவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். கட்டம் மாறியது என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கடுமை என்பது எவ்வளவு சிரமமாக உணர்ந்தோம் என்பதற்கு நாமே போடும் புள்ளி, பத்துக்கு. குழந்தைத்தனமாகத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளரின் வேலை இருக்கிறது. அவருடைய முதல் அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். புள்ளியைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் இதயத் துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும் என்பதற்காக அப்படி வைத்தார். சாதாரணப் பயிற்சிக்குப் பத்துக்கு என்ற அளவே போதும். இதன் பயன் என்னவென்றால், அதே 4 சுற்று, அதே 19 நிமிடம், ஆனால் சென்ற மாதம் கடுமை 8, இந்த மாதம் 6 என்றால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். வேறு எந்த எண்ணும் அதைக் காட்டியிராது. கடுமை 5க்கு இறங்கினால் அடுத்த வாரம் ஒரு சுற்றைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வாரத்தில் ஒரு நாள், எழுந்தவுடன், படுக்கையில் இருந்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அரை நிமிடம் நாடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுங்கள். மாதங்கள் போகப் போக அது மெல்ல இறங்கும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது என்பதற்கு அது அடையாளம். திடீரென்று சில நாட்கள் வழக்கத்தை விட ஏறியிருந்தால் காய்ச்சல் வரப்போகலாம், அல்லது ஓய்வு போதவில்லை.

உடல் எடையைத் தினமும் பார்க்க வேண்டாம். குடித்த தண்ணீர், சாப்பிட்ட உப்பு இவற்றாலேயே ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். மாதத்துக்கு இரண்டு முறை போதும். அதை விட இடுப்புச் சுற்றளவு உண்மையைச் சொல்லும். தையல் நாடாவை வைத்து அளக்கலாம். தெற்காசியர்களுக்கு ஆணானால் 90 சென்ரிமீற்றர், பெண்ணானால் 80 என்பதைத் தாண்டினால் நீரிழிவு, இதய நோய் பற்றிக் கவனம் தேவை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

கண்ணாடியையும் நடிகர்களின் படத்தையும் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுவரொட்டியில் தெரியும் அந்த வயிற்றுக்குப் பின்னால் முழுநேரப் பயிற்சியாளரும் சமையற்காரரும் ஒளிப்பதிவாளரும் இருக்கிறார்கள். நடிகரை நேசியுங்கள். எங்கள் அப்பாயியின் காம்பராவில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படம் இருந்தது, 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் ஊர்க்காரர். சிலம்பமும் வாள்வீச்சும் பழகிய அந்த உடம்பைப் பார்த்துத் தாத்தா காலத்து இளைஞர்கள் கரலாக்கட்டை சுழற்றினார்கள் என்று கேட்டு வளர்ந்திருக்கிறேன். உந்துதல் அங்கிருந்து வரட்டும். ஒப்பீடு மட்டும் உங்கள் கொப்பியின் முந்தைய பக்கத்தோடு இருக்கட்டும்.

ரசிக வேகம் ஆறு வாரம்

2016இல் போக்கிமோன் கோ என்ற கேம் வந்தபோது உலகம் முழுவதும் இளைஞர்கள் தெருவில் இறங்கி நடந்தார்கள். அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு அந்த ஆண்டே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. கேமை ஏற்றிக்கொண்ட முதல் வாரத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடி கூடுதலாக நடந்திருக்கிறார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அது தேய்ந்தது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு கேத்தரின் மில்க்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேறொரு சோதனை செய்தார்கள். கீழே வைக்க முடியாத விறுவிறுப்பான கதைகளின் ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டும் கேட்க முடியும்படி சிலருக்குக் கொடுத்தார்கள். கதை எந்த இடத்தில் நின்றதோ அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கூடத்துக்கு வந்தாக வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் மற்றவர்களை விட 51 சதவீதம் அதிகமாக வந்தார்கள். இடையில் பண்டிகை விடுமுறை வந்தது. அதன் பிறகு அந்த வேகம் போய்விட்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு என் தோல்விகள் புரிந்தன. ஒவ்வொரு முறையும் ஒரு படமோ தொடரோ பார்த்த உற்சாகத்தில் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் தீபாவளியோ பொங்கலோ வந்து நின்றது. ரசிக உற்சாகம் பொய்யானதில்லை. அது ஆறு வாரம் தூக்கிச் செல்லும். அந்த ஆறு வாரத்துக்குள் கணக்கு எழுதும் பழக்கம் வேர்விட்டுவிட வேண்டும். ஏழாவது வாரத்தில் கதாநாயகன் முகம் மங்கியிருக்கும், ஆனால் கொப்பியில் 3 சுற்று 5 ஆகியிருக்கும். அந்த 5ஐ 6 ஆக்கும் ஆசை உங்களுடையது, அது தேயாது.

எனவே இரண்டையும் பிணைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த தொடர்கதை ஒலிப்பதிவை நான் கோயில் படியில் மட்டும்தான் கேட்கிறேன். பாத்திரம் கழுவும்போது கேட்பதில்லை. ஆனால் பாதை தேயிலைக்குள்ளோ பெருந்தெருவிலோ போனால் ஒரு காதை மட்டும் மூடுங்கள்; பனிமூட்டத்தில் வளைவில் வரும் வாகனத்தைக் காதுதான் முதலில் காணும். ரயில் பாதையில் நடப்பதை முற்றாக விட்டுவிடுங்கள்.

பெரிய இலக்கு வேண்டுமென்றால் நம் மலைகளே லெவல் வரைபடம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் சுற்றிச் செல்லும் பெகோ நடைபாதை 300 கிலோமீற்றர் அளவு நீளம், 22 கட்டங்கள். அங்கே போக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலேயே நடக்கும் கிலோமீற்றர்களைக் கூட்டி, ஒவ்வொரு கட்டமாகக் கொப்பியின் பின் அட்டையில் வெட்டிக்கொண்டே வரலாம். நான் முதலில் எடுத்தது சிவனொளிபாதமலை. நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு 5,000க்கும் மேற்பட்ட படிகள். எங்கள் கோயில் படியில் 43 சுற்று ஏறினால் 5,074. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 4 சுற்று என்றால் ஏறக்குறைய மூன்றரை வாரத்தில் கொப்பியில் ஒரு மலை ஏறி முடியும். சுற்று 5 ஆகும்போது மூன்று வாரத்துக்குள் முடியும். மலை மாறவில்லை, ஆள் மாறியிருப்பது எண்ணில் தெரியும்.

மலை கற்றுத்தரும் சில

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. கொழும்பில் வேலை செய்யும் தோழி 5 கிலோமீற்றர் ஓடிய நேரத்தைக் கைப்பேசியில் அனுப்பினால் வாழ்த்துங்கள். உங்கள் நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

நடந்து நடந்து பழகியவர்களும் சிவனொளிபாதமலை போய்வந்த மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது ஏன் தெரியுமா? ஏறியதால் இல்லை, இறங்கியதால். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை, உடல் விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. நீண்டுகொண்டே பாரம் தாங்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். வலி உடனே வராது, ஒரு நாள் கழித்துக் கூடும், மூன்றாம் நாளுக்குள் தணியத் தொடங்கும். நல்ல செய்தி என்னவென்றால், இறங்கும் பயிற்சியை முன்கூட்டியே சிறு அளவில் கொடுத்துவிட்டால் அடுத்த முறை வலி வெகுவாகக் குறையும். உடல் அந்தப் பாடத்தை வாரக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். டிசம்பர் பௌர்ணமியில் பருவம் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. ஒக்டோபரிலிருந்தே படியில் ஏறிய சுற்றுகளோடு இறங்கிய சுற்றுகளையும் மெதுவாக, எண்ணிக்கையோடு செய்யுங்கள்.

இது தெரியாமல் நான் பட்டது கொஞ்சமல்ல. சில வருடங்களுக்கு முன் டவுனில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, நான் இதற்கு முன் என்ன செய்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், காலுக்கான அத்தனை இயந்திரத்திலும் உட்காரவைத்தார்கள். நான்கு நாள் படி இறங்கப் பின்புறமாகத் திரும்பி இறங்கினேன். கட்டிய பணம் போனதை விட, இது நமக்கு ஒத்துவராது என்று ஒரு வருடம் நம்பியிருந்ததுதான் பெரிய இழப்பு. யாராவது உங்களுக்குப் பயிற்சி கொடுத்தால் முதலில் உங்கள் கொப்பியைக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

ஓட்டப் பயிற்சியாளர்களிடம் வழங்கும் ஒரு கணக்கு உண்டு: ஒரு வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதே. அது அறிவியல் விதி கிடையாது, அனுபவத்தில் வந்த வேலி. தொடங்குபவருக்கு நல்ல வேலி. முதல் சில வாரங்களில் எண்கள் வேகமாக ஏறும், மயங்கிவிடாதீர்கள். அப்போது தசை வளர்ந்திருக்காது. இருக்கும் தசையைச் சேர்ந்து இயக்க நரம்புகள் கற்றுக்கொண்டிருக்கும். தசையும் தசைநாரும் மெதுவாகத்தான் வரும்.

சாப்பாட்டில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் பெண்களின் பிரச்சினை. சில படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது, மாதக்கணக்கில் எழுதியும் எண் நகரவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். வைத்தியசாலையில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இரத்தச்சோகை தோட்டப் பெண்களிடம் சாதாரணமாக இருக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ரொட்டியும் சம்பலும் பிளேன்டியும் ஒன்றாக இறங்குவதுதான் நம் காலைச் சாப்பாடு என்பது எனக்கும் தெரியும். பிளேன்டியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். பருப்பு, கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு இவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். தசை கட்டுவதற்கான செங்கல் அதுதான். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால், அல்லது ஏற்கெனவே சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து எடுப்பவரானால், தொடங்குவதற்கு முன் வைத்தியரிடம் பேசுங்கள்.

இனி விட்டுப்போன நாட்களைப் பற்றி. ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் மழை விடாது; வருடக் கடைசியில் அதே கதை ஊவாப் பக்கம். அட்டை, வழுக்கல், நனைந்த சப்பாத்து. அந்த நாட்களில் வாசலுக்குள் தோப்புக்கரணமும் சுவர்த் தண்டாலும் போதும், அவற்றையும் எழுதுங்கள். ஒன்றும் செய்யாத நாளையும் எழுதுங்கள். வெற்றுப் பக்கம் குற்ற உணர்வைத் தரும், “மழை” என்று எழுதிய பக்கம் தராது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாதியிலிருந்து தொடங்குங்கள், இழந்த பலம் முதன்முறை வந்ததை விட வேகமாகத் திரும்பும்.

சென்ற ஓகஸ்டில் என் கொப்பியில் தொடர்ந்து பதினாறு நாளுக்குக் காய்ச்சல், மழை, காய்ச்சல், அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி என்றுதான் இருக்கிறது. பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை, 6 சுற்று ஏறிக்கொண்டிருந்தவள் 3 சுற்று ஏறியிருக்கிறேன், கடுமை 7. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், கோணலாக, “அம்மா 1 சுற்று” என்று இருக்கிறது.